17 பேர் நின்ற போட்டியில் முதலில் யார் விலகுவது? (அமெரிக்க பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் பற்றிய விவாதம்)

கரிசல்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். 2028-ல் இரண்டு கட்சியிலுமே பதவியில் இருக்கும் அதிபர் போட்டியில் இருக்கப் போவதில்லை, அதனால் இரண்டு பக்கமும் கூட்டம் அலைமோதும் என்று நினைக்கிறேன். அதற்குள் ஒரு விஷயத்தை இங்கே பேசிவிட வேண்டும். ஒரு கட்சிக்குள் பத்து இருபது பேர் அதிபர் வேட்பாளர் பதவிக்கு நிற்கும்போது, ஜெயிப்பதைவிட முக்கியமான கேள்வி யார், எப்போது விலகுவது என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016 குடியரசுக் கட்சியில் 17 பேர். ஸ்காட் வாக்கர் 2015 செப்டம்பர் 21-லேயே விலகினார். விலகும்போது மற்றவர்களும் இதையே யோசியுங்கள், முன்னணியில் இருப்பவருக்கு (டிரம்புக்கு) எதிராக ஒரு சிலர் மட்டும் நின்றால்தான் மக்களால் தேர்ந்தெடுக்க முடியும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெப் புஷ் பிப்ரவரி 20 வரை இருந்தார், ரூபியோ மார்ச் 15 வரை, க்ரூஸ் மே 3 வரை, கேசிக் மே 4 வரை. ஒவ்வொருவரும் அடுத்தவர் விலகட்டும், அவர் ஓட்டு எனக்கு வரும் என்று காத்திருந்தே போனார்கள்.

2020 ஜனநாயகக் கட்சியில் இன்னும் பெரிய கூட்டம், முக்கியமானவர்களே 25-க்கும் மேல். ஆனால் பிப்ரவரி 29 சவுத் கரோலினாவில் பைடன் ஜெயித்தார், மார்ச் 1 பூட்டிஜெஜ் விலகினார், மார்ச் 2 க்ளோபுஷார் விலகினார், அன்று இரவே இரண்டு பேரும் டல்லாஸில் பைடனுக்கு ஆதரவு. மார்ச் 3 சூப்பர் டியூஸ்டே, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் செவ்வாய்க்கிழமை, அன்று 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. மூன்று நாளில் போட்டியின் முகமே மாறிவிட்டது.

ஒரு கட்சியால் முடிந்தது இன்னொரு கட்சியால் ஏன் முடியவில்லை? தியாக மனசு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. உங்கள் கருத்து என்ன?

ஒஹையோ அண்ணாச்சி:
தம்பி, நல்ல கேள்வி. ஆனால் அடிப்படையிலேயே ஒரு கணக்கை நீங்கள் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டீர்கள். ஓட்டு பிரிந்ததால்தான் டிரம்ப் ஜெயித்தார் என்பது 2016-லிருந்து நான் கேட்டுக் கேட்டு அலுத்த பேச்சு. ரூபியோ விலகினால் அவர் ஓட்டு முழுக்க க்ரூஸுக்குப் போகும் என்று யார் சொன்னது? அந்த ஓட்டில் ஒரு பங்கு டிரம்புக்கும் போகும், ஒரு பங்கு கேசிக்குக்குப் போகும், ஒரு பங்கு வீட்டிலேயே உட்கார்ந்துவிடும்.

போட்டி மூன்று பேராகக் குறைந்த பிறகு நியூயார்க்கில் டிரம்ப் வாங்கியது ஏறக்குறைய 60 சதவீதம். சரி, அது அவருடைய சொந்த ஊர். இண்டியானாவை எடுங்கள். அங்கே க்ரூஸும் கேசிக்கும் பேசிவைத்துக்கொண்டு கேசிக் ஒதுங்கினார், அப்படியும் டிரம்ப் 53 சதவீதம். இதில் எங்கே ஓட்டு பிரிந்தது? ஆட்கள் குறையக் குறைய அவருடைய பங்கு கூடிக்கொண்டுதான் போனது.

எங்கள் மாநிலத்தில் கேசிக் ஜெயித்தார். கவர்னராக அவரைத் தெரிந்தவர்கள் போட்ட ஓட்டு அது. அதை டிரம்ப் எதிர்ப்பு ஓட்டு என்று மொத்தமாக முத்திரை குத்தினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரிசல்காரன்:
அண்ணாச்சி, நீங்கள் காட்டியது எல்லாம் ஏப்ரல், மே மாதக் கணக்கு. அதற்குள் போட்டி முடிந்தே போச்சு. ஜெயிக்கிறவர் பக்கம் சாய்வது எல்லா ஊரிலும் உண்டு, இண்டியானாக்காரர்கள் ஓட்டுப் போட்டபோது டிரம்ப்தான் வேட்பாளர் என்று பாதிப் பேருக்கு மேல் முடிவே செய்துவிட்டார்கள். நான் பேசுவது பிப்ரவரி 20-க்கும் மார்ச் 15-க்கும் இடைப்பட்ட அந்த இருபத்து சொச்சம் நாட்களைப் பற்றி.

சவுத் கரோலினாவில் டிரம்ப் 32.5, ரூபியோ 22.5, க்ரூஸ் 22.3. புஷ், கேசிக், கார்சன் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஏழு ஏழரை. டெலிகேட், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் பிரதிநிதிகள், எவ்வளவு தெரியுமா? மொத்தம் 50, அத்தனையும் டிரம்புக்கு. மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, முழு மாநிலமும் கையில். அப்புறம் மிசௌரி. மார்ச் 15 அன்று டிரம்புக்கும் க்ரூஸுக்கும் வித்தியாசம் 2,000 ஓட்டுக்கும் குறைவு. அங்கே ரூபியோவுக்கு விழுந்தது மட்டும் 50,000-க்கு மேல், அவர் அன்று இரவே புளோரிடாவில் தோற்று விலகிவிட்டார். அந்த ஓட்டில் பாதி வீட்டில் இருந்து, மிச்சம் கொஞ்சம் க்ரூஸ் பக்கம் சாய்ந்திருந்தாலே மாநிலம் கை மாறியிருக்கும். டெலிகேட் டிரம்புக்கு 37, க்ரூஸுக்கு 15.

அதனால் ஓட்டு முழுசாக மாறும் என்று நானும் சொல்லவில்லை. குடியரசுக் கட்சி விதியில் பல மாநிலங்களில் முதலிடத்துக்கு வந்தவருக்கே பெரும் பங்கு. அந்த விதியில் கொஞ்சம் ஓட்டு மாறினாலே போதும்.

தேன்சிட்டு:
நான் சான் ஹோசேயில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் வேட்பாளர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள், ஓட்டுப் போட்டவள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா?

குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு அதுதான் முதல் அதிபர் தேர்தல் வருடம். கலிபோர்னியாவில் தபால் ஓட்டுச்சீட்டு ஒரு மாதத்துக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துவிடும். 2020 பிப்ரவரியில் வந்த சீட்டை நானும் கணவரும் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். நான் பூட்டிஜெஜுக்குப் போட்டேன். முதலாவதாக ஓட்டு நடந்த அயோவா மாநிலத்தில் நன்றாக வந்திருந்தார், பேச்சும் எனக்குப் பிடித்திருந்தது. பிப்ரவரி நடுவிலேயே தபாலில் சேர்த்தாயிற்று. பொறுப்பாக நேரத்துக்கு முன்னாடியே முடித்துவிட்டோம் என்ற நிறைவு.

மார்ச் 1 ஞாயிறு இரவு அவர் சவுத் பெண்டில் நின்று விலகுவதாகப் பேசினார். எங்கள் ஓட்டு எண்ணுவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. தபாலில் போட்டதைத் திரும்ப வாங்க வழி கிடையாது. கலிபோர்னியாவில் மட்டும் என்னைப் போல இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டு போட்டியில் இல்லாத ஒருவர் பெயரில் எண்ணப்பட்டது.

அவர் விலகியது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று நாளில் முகமே மாறியது என்று நீங்கள் வியந்து எழுதும்போது, அந்த மூன்று நாளுக்கு முன்பே ஓட்டுப் போட்டவர்களும் இருந்தோம் என்பதை யாராவது எழுத வேண்டும் அல்லவா?

கரிசல்காரன்:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பழைய வாசகர்:
நான் நியூஜெர்சியில் முப்பது வருடமாக இருக்கிறேன், 2004-லிருந்து ஒவ்வொரு பிரைமரியையும் விடாமல் பார்க்கிறேன். விலகுவதைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். விலகுவதற்கு முன்னால் யாரை அடிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயர் விவாத மேடை. எங்கள் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி ரூபியோவைப் பிடித்துக்கொண்டார். மனப்பாடம் செய்த 25 வினாடிப் பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்றார், சொல்லி வாய் மூடுவதற்குள் ரூபியோ அதே வரியை மறுபடியும் சொன்னார். அயோவாவில் 23 சதவீதம் வாங்கி மேலே வந்துகொண்டிருந்த மனிதர் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடத்துக்குப் போனார். கிறிஸ்டிக்கு என்ன கிடைத்தது? ஆறாம் இடம். நான்கு நாளில் விலகினார், அந்த மாதம் முடிவதற்குள் டிரம்பை ஆதரித்தார். அவர் போட்ட அடி ரூபியோவுக்கு, பலன் போய்ச் சேர்ந்தது டிரம்புக்கு.

இதே மாதிரிதான் புஷ்ஷின் ஆட்களும். அவருக்காகப் பணம் திரட்டிய ரைட் டு ரைஸ் என்ற சூப்பர் பேக் அமைப்பு 100 மில்லியன் டாலருக்கு மேல் சேர்த்தது. அதில் பெரும் தொகை ரூபியோவைத் தாக்கும் விளம்பரத்துக்குப் போனது. காரணம் எளிது. புஷ்ஷுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் ரூபியோவிடம் இருந்தார்கள், டிரம்பிடம் இல்லை. கடைத்தெருவில் மளிகைக்கடைக்காரருக்குப் பக்கத்து மளிகைக்கடைதான் போட்டி, எதிரே இருக்கும் நகைக்கடை எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் அவர் கண்ணில் படாது.

2020-ல் லாஸ் வேகாஸ் விவாதத்தில் ப்ளூம்பெர்க்கை எலிசபெத் வாரன் அடித்ததும் அப்படித்தான். அன்று இரவு எல்லோரும் வாரனைப் பாராட்டினார்கள், ஓட்டு அவருக்கு வரவில்லை. ப்ளூம்பெர்க் பலவீனமானதால் நிம்மதியாக மூச்சு விட்டவர் பைடன். இன்னும் பின்னால் போனால் 2004 அயோவா. டீனும் கெப்ஹார்ட்டும் ஒருவரையொருவர் விளம்பரத்தில் கிழித்துக்கொண்டார்கள், கெர்ரி முதலிடம், எட்வர்ட்ஸ் இரண்டாமிடம். கெப்ஹார்ட் நான்காவதாக வந்து மறுநாளே விலகினார்.

கூட்டம் அதிகமான போட்டியில் அடிக்கிறவனும் அடிபடுகிறவனும் சேர்ந்தே விழுவார்கள். இதைத் தெரிந்தும் செய்கிறார்கள், ஏனென்றால் தன் பாதையில் நிற்பவனைத் தள்ளாமல் முன்னால் இருப்பவனிடம் போகவே முடியாது.

மினசோட்டா மீனா:
நான் 2020-ல் இடதுசாரி வேட்பாளர் சாண்டர்ஸுக்காக மினியாபொலிஸில் வீடு வீடாகப் போனவள். பிப்ரவரிக் குளிரில், கையுறையைக் கழற்றினால் பேனா பிடிக்க முடியாத குளிரில். அதனால் இந்த விஷயத்தை என்னால் கணக்காக மட்டும் பார்க்க முடியாது.

க்ளோபுஷார் எங்கள் செனட்டர், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மாநிலம் அவருக்கா சாண்டர்ஸுக்கா என்றுதான் பேச்சு. திங்கட்கிழமை அவர் விலகினார். அன்று சாயங்காலம் செயின்ட் பாலில் சாண்டர்ஸ் கூட்டம், அரங்கம் நிறைந்தது, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். மறுநாள் பைடன் 38.6, சாண்டர்ஸ் 29.9, வாரன் 15.4. பைடன் இங்கே பிரச்சாரம் என்று சொல்லும்படி ஒன்றுமே செய்யவில்லை!

பூட்டிஜெஜ், க்ளோபுஷார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பைடனோடு கொள்கையில் நெருக்கமானவர்கள், அவரிடம் போனார்கள். ஆனால் வாரன் ஏன் மார்ச் 5 வரைக்கும் நின்றார்? அவருடைய சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே மூன்றாமிடம். அங்கே சாண்டர்ஸையும் வாரனையும் கூட்டினால் 48, பைடன் 33. விலகிய பிறகும் ஏப்ரல் நடுவரைக்கும் யாரையும் ஆதரிக்கவில்லை, சாண்டர்ஸ் ஒதுங்கிய பிறகு பைடனை ஆதரித்தார். எங்கள் பக்கத்து ஓட்டு மட்டும் கடைசிவரை இரண்டாகவே இருந்தது.

ஒஹையோ அண்ணாச்சி:
மீனா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நான் மேலே ரூபியோ ஓட்டைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். வாரனுக்குப் போட்டவர்கள் எல்லோரும் சாண்டர்ஸுக்கு வந்திருக்க மாட்டார்கள். படித்த, புறநகர் ஓட்டு நிறைய அவரிடம் இருந்தது, அதில் கணிசமானவர்கள் பைடன் பக்கம் சாய்ந்திருப்பார்கள். 2019 கருத்துக்கணிப்புகளைப் பாருங்கள், பைடன் ஆதரவாளர்களிடம் இரண்டாவது விருப்பம் யார் என்று கேட்டால் பலர் சாண்டர்ஸ் என்றார்கள். மக்கள் மனசு டிவியில் காட்டுகிற மாதிரி இடது பாதை, நடுப்பாதை என்று கோடு போட்டுப் பிரிந்து கிடப்பதில்லை.

மினசோட்டா மீனா:
மாசசூசெட்ஸில் வேண்டுமானால் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். மெய்ன் மாநிலத்தில் பைடனும் சாண்டர்ஸும் ஏறக்குறைய ஒரு சதவீத வித்தியாசத்தில் நின்றார்கள், வாரனுக்கு அங்கே 15-க்கு மேல். அதில் பத்துப் பேரில் ஆறு பேர் எங்களிடம் வந்திருந்தாலே போதும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கூட்டம் பிரிந்தே இருக்கும், 30 சதவீதத்தை வைத்து முன்னால் போய்விடலாம் என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்பினோம். நெவாடாவில் பெரிய வெற்றி வந்ததும் மற்றவர்களைப் பேசி இழுக்கப் போதுமான வேலை நடக்கவில்லை. எதிரில் இருப்பவர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்பதை நம்பி ஒரு போட்டியை நடத்தினால் அவர்கள் ஒன்றுசேரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. எனக்கு இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

திருவான்மியூர் ராம்:
சென்னையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். டெலிகேட் என்றால் மாநாட்டில் ஓட்டுப் போடுகிறவர் என்பது வரை புரிகிறது. இரண்டு கட்சிக்கும் விதி வேறு வேறா? அப்புறம் செய்தியில் எப்போதும் "பிரச்சாரத்தை நிறுத்திவைத்தார்" என்றே எழுதுகிறார்கள், விலகினார் என்று நேராகச் சொன்னால் என்ன?

பழைய வாசகர்:
ராம் தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில். நிறுத்திவைப்பது என்பதற்குச் சட்டத்தில் தனி அர்த்தம் இல்லை. ஆனால் பிரச்சாரக் கடன் பாக்கி இருக்கும், அதை அடைக்கப் பணம் திரட்டவேண்டும், வாங்கின டெலிகேட் சிலரையும் கையில் வைத்திருக்க வேண்டும், அதனால் கதவை முழுசாகச் சாத்தாமல் இப்படிச் சொல்வார்கள்.

விதி வேறுதான், இந்த இழையில் பேசுகிற பாதி விஷயம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்திலும் விகிதாசாரம், ஆனால் 15 சதவீதம் தொடாதவருக்கு டெலிகேட் கிடையாது. மாநில அளவிலும் அப்படி, தொகுதி அளவிலும் அப்படி. குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மார்ச் நடுவில் புளோரிடாவின் 99 டெலிகேட்டும் டிரம்புக்கு, ஒஹையோவின் 66-ம் கேசிக்குக்கு என்று முதலிடத்துக்கே மொத்தமும் போன இடங்கள் உண்டு.

இப்போது பூட்டிஜெஜ் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். கலிபோர்னியா, டெக்சாஸ் இரண்டிலும் பத்துப் பத்து சதவீதம்தான் வரும் போலத் தெரிகிறது. பத்து சதவீதத்துக்கு ஏறக்குறைய பூஜ்யம் டெலிகேட். நின்றால் தனக்கும் லாபம் இல்லை, பைடனும் குறைவார். விலகினால் அடுத்த ஆட்சியில் மரியாதையான இடம். அவர் பின்னால் போக்குவரத்துத் துறை அமைச்சரானார். அந்த 15 சதவீத விதியே ஆட்களை வெளியே தள்ளும்.

2016 கேசிக்குக்கு அந்த மாதிரி நெருக்கடி இல்லை. ஏப்ரலில் மிச்சமிருந்த டெலிகேட் முழுவதையும் அள்ளினாலும் 1,237 என்ற பெரும்பான்மை அவருக்கு வராது. ஆனால் யாருக்குமே 1,237 வராவிட்டால் மாநாட்டில் பேரம் நடக்கும், அப்போது நான் இருப்பேன் என்ற நம்பிக்கை அவரைப் பிடித்து வைத்தது.

கரிசல்காரன்:
இதுதான் நான் தேடிய பதில் ஐயா. இதோடு சவுத் கரோலினாவையும் சேர்த்துக்கொள்கிறேன். பிப்ரவரி 26-ல் அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள எம்.பி. க்ளைபர்ன் பைடனை ஆதரித்தார், 29-ல் பைடன் 48 சதவீதத்துக்கு மேல், சாண்டர்ஸ் 20-க்குக் கீழே. அந்த ஒரே இரவில் மிதவாதப் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்ற சண்டைக்கே இடமில்லாமல் போனது. 2016-ல் அந்த மாதிரி ஒரு இரவு வரவே இல்லை. அயோவா க்ரூஸுக்கு, நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாமிடம் கேசிக், சவுத் கரோலினாவில் இரண்டாமிடம் ரூபியோ. மூன்று பேரிடமும் நான்தான் மாற்று என்று காட்ட ஒரு சீட்டு இருந்தது. பிறகு யார் இறங்குவார்கள்?

பேசி ஒப்பந்தம் செய்து பார்த்ததும் எப்படி முடிந்தது? மார்ச்சில் ரூபியோவின் ஆட்கள் ஒஹையோவில் கேசிக்குக்குப் போடுங்கள் என்றார்கள், கேசிக் பக்கம் புளோரிடாவில் பதிலுக்குச் செய்யவில்லை. ஏப்ரல் 24-ல் க்ரூஸ், கேசிக் ஒப்பந்தம், இண்டியானா உனக்கு, ஒரேகானும் நியூ மெக்சிகோவும் எனக்கு என்று. மறுநாளே இண்டியானாவில் உங்கள் ஆதரவாளர்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டதற்கு எனக்கே போட வேண்டும் என்றார் கேசிக். அரை மனசோடு விலகுவது விலகாமல் இருப்பதைவிட மோசம்.

மேப்பிள்இலை:
2024-ஐ யாரும் தொடவில்லையே. அங்கே எல்லோரும் சீக்கிரமே விலகினார்கள், ஆனால் எதிர்த் திசையில். கிறிஸ்டி அயோவாவுக்கு முன்பே ஜனவரி 10-ல் போனார், அவர் டிரம்பை ஆதரிக்காமல் போனார். விவேக் ராமசாமி, நம் வீட்டுப் பேச்சில் அடிபட்ட பெயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அயோவாவில் 7.7 சதவீதம் வாங்கி அன்று இரவே விலகி டிரம்பை ஆதரித்தார். அப்போதைய புளோரிடா கவர்னர் டிசாண்டிஸ் நியூ ஹாம்ப்ஷயருக்கு இரண்டு நாள் முன்னால் விலகி டிரம்பை ஆதரித்தார். கடைசியில் நிக்கி ஹேலிக்கு 2016-ல் எல்லோரும் கேட்ட நேருக்கு நேர் போட்டி கிடைத்தது. டிரம்ப் 54, ஹேலி 43. அதுவும் கட்சி சாராதவர்கள் ஓட்டுப் போட முடிகிற நியூ ஹாம்ப்ஷயரில்.

அதனால் அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூட்டம் கலைந்தாலும் கட்சிக்காரர்கள் மனசு ஒருவரிடம் இருந்தால் ஒன்றும் மாறாது. 2016 பிப்ரவரியில் அப்படி இல்லை, 2024-ல் அப்படி இருந்தது.

இன்னொன்று, சீக்கிரம் விலகுவதில் நான் பார்த்த புத்திசாலித்தனமான முடிவு கமலா ஹாரிஸுடையது. 2019 டிசம்பர் 3, பணம் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டு விலகினார். கலிபோர்னியா ஓட்டுச்சீட்டில் அவர் பெயர் ஏறவே இல்லை, சொந்த மாநிலத்தில் நான்காவது ஐந்தாவதாக வந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜூனில் மயாமி மேடையில் பைடனை அவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்டவர், அடுத்த ஆகஸ்டில் அதே பைடனின் துணை அதிபர் வேட்பாளர். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அன்று கொண்டாடியவர்களுக்கு டிசம்பரில் அவர் விலகியது ஞாபகம் இருந்திருக்குமா தெரியாது. ஆனால் அந்த விலகல் இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஒஹையோ அண்ணாச்சி:
மேப்பிள்இலை, நன்றி. தம்பி கரிசல்காரனுக்கும் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன், மிசௌரிக் கணக்கை நான் மறந்தே போயிருந்தேன். ஆனால் கேசிக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேன்சிட்டு:
நான் எழுதியதற்கு யாராவது ஒரு வழி சொல்வீர்கள் என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. 2020-லேயே அலாஸ்கா, ஹவாய், கான்சாஸ், வயோமிங் நான்கு மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசை போட்டு ஓட்டளிக்க விட்டார்கள். நான் போட்டவர் விலகிவிட்டாலோ 15 தொடாவிட்டாலோ என் ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போயிருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பே சீட்டு அனுப்புகிற கலிபோர்னியாவுக்குத்தான் இது முதலில் தேவை, ஆனால் இங்கே பிரைமரியில் இன்னும் ஒரே பெயர்தான்.

அது வரும்வரை நானும் கணவரும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். சீட்டு வந்ததும் மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிடுவோம். அதிபர் வரியை மட்டும் கடைசி நாள் வரை காலியாக வைத்திருந்து, அன்று காலையில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்து நிரப்பி, நூலகத்துக்கு வெளியே இருக்கும் ஓட்டுப் பெட்டியில் நேரில் போய்ப் போடுவோம்.

மினசோட்டா மீனா:
அக்கா, 2028-ல் நான் யாருக்காக வீடு வீடாகப் போனாலும் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.